“ஏலாது” என்ற தண்டையலுக்கு

கால் நூற்றாண்டாகப் புங்குடுதீவு இறங்குதுறைக்கும் நெடுந்தீவுக்கும் இடையே ‘அலைமகள்’ லோஞ்சை ஓட்டி, இன்று ஓய்வுபெற்று, கிராமச் சபைத் தேர்தலில் நிற்கும் தண்டையல் திரு. ஆ. பரராசசிங்கம் அவர்களுக்கு, அவரோடு உப்புத் தண்ணீரில் நனைந்தவர்கள் வாசித்தளிக்கும் மடல்.

சோழகக் காற்றுச் சீறினும் சுக்கான் சோராத செம்மலே! கடலையும் காற்றையும் அடக்கியவர் என்று தங்களைப் புகழ மேடையில் ஆட்கள் இருக்கிறார்கள். நாங்கள் அப்படிப் புகழோம். கடலுக்கும் காற்றுக்கும் கைகட்டி நின்றே எங்களைக் கரைசேர்த்த கண்ணியவானே, வணக்கம்!

தங்கள் கதையைத் தங்கள் முகத்துக்கு நேரே சொல்ல எங்களுக்குக் கூச்சம். சபையைப் பார்த்துச் சொல்கிறோம்; தாங்களும் கேட்டிருங்கள்.

பரராசசிங்கத்தார் பேச்சில் மகா கஞ்சன். விடியவே துறையில் நின்று கடலைப் பார்ப்பார். சரியென்றால் வாய் திறவாமல் ஏறுவார். சரியில்லையென்றால் ஒரே சொல்: “ஏலாது.” அதன்பிறகு எந்தக் கொம்பன் வந்தாலும் லோஞ்ச் அசையாது. அவருடைய சொந்தத் தங்கை நாகபூசணியின் கலியாணத்தன்று, மாப்பிள்ளை வீட்டார் பலகாரப் பெட்டிகளோடு துறையில் நிற்க, கடல் மூசிக் கொந்தளித்தது.

“அண்ணை, முகூர்த்தம் தப்பப்போகுது” என்று மாப்பிள்ளை கெஞ்சினார்.

“முகூர்த்தம் பிறகும் வைக்கலாம். இண்டைக்கு ஏலாது.”

தங்கை ஒரு வருடம் அவரோடு கதைக்கவில்லை. அது அவருக்கு எவ்வளவு வலித்ததென்று இயந்திரம் பார்க்கும் யாகப்புவுக்கு மட்டும் தெரியும். இன்று அந்தத் தங்கை, புருசனோடும் பிள்ளைகளோடும் முன்வரிசையில் இருக்கிறார்.

பிறகு தேர்தல் வந்தது. அவர் வாயில் புதிய சொற்கள் வந்து குடியேறின. நெடுந்தீவுக்குப் புது இறங்குதுறையா? “ஓம், கட்டுவம்.” நல்ல தண்ணீரா? “ஓம், செய்வம்.” சனம் கைதட்டியது, நாங்கள் கைதட்டவில்லை. மற்றவர்கள் ஓம் என்றால் சனம் பாதிதான் நம்பும். ஏலாது என்று சொல்லத் தெரிந்த மனிதர் ஓம் என்றால் முழுதாக நம்பிவிடும்.

போன வெள்ளிக்கிழமை, பட்டணத்துப் பெரியவர்கள் நெடுந்தீவுத் தேர்தல் கூட்டத்துக்குப் போகத் துறைக்கு வந்தார்கள். கடல் கறுத்துக் கிடந்தது.

“என்ன தண்டையல், போகலாம்தானே?”

பரராசசிங்கத்தார் கடலைப் பார்த்தார். பார்த்தவுடனேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அக்கரையில் போட்ட பந்தலும், காத்திருக்கும் சனமும், பக்கத்தில் நின்ற பெரியவர்களின் முகங்களும் அவர் தொண்டையை அடைத்தன.

“பாப்பம்…” என்று சொல்லி ஒரு காலை லோஞ்சில் வைத்தார்.

யாகப்பு கீழேயிருந்து ஏறி வந்து, எண்ணெய்க் கையைத் துடைத்தபடி அவர் முன்னே நின்றார்.

“ஏலாது, அண்ணை.”

அண்ணைக்கு முகம் சிவந்தது. கடலை இன்னொரு தடவை பார்த்தார். வைத்த காலை எடுத்தார். பெரியவர்கள் கார்க் கதவுகளை அடித்துச் சாத்திக்கொண்டு போனார்கள். அவர் யாகப்புவின் தோளில் கைவைத்தார்.

பெருந்தகையே! இனித் தங்களை நேரே பார்த்துச் சொல்கிறோம். தாங்கள் வெல்லவேண்டும் என்று கும்பிடுகிறோம். வென்றுவிடுவீர்களே என்றும் பயப்படுகிறோம். சபைக் கதிரையில் தாங்கள் இருக்கும்போது யாகப்பு பக்கத்தில் நிற்கமாட்டார். ஆகவே, தங்கள் சொல்லையே தங்களுக்குத் திருப்பித் தருகிறோம். இம்மடலின் நடுவே அதைப் பெரிய எழுத்தில் எழுதிக் கண்ணாடி போட்டிருக்கிறோம். கதிரைக்கு எதிர்ச் சுவரில் மாட்டுங்கள். தொண்டை அடைக்கும் வேளையில் நிமிர்ந்து பாருங்கள்.

நயினை அம்மன் காக்க, நோய்நொடியின்றி, நெஞ்சுரத்தோடு நெடுங்காலம் வாழ்க!

இங்ஙனம்,
நாளை விடிய யார் கடலைப் பார்ப்பது என்று தெரியாத
‘அலைமகள்’ லோஞ்ச் பணியாளர்