றூபிக்குப் புதுச் சப்பாத்து

நிறஞ்சலா: குதிரையின்ர காலைத் தூக்கிப் பிடி எண்டுதான் சொன்னனான். தடவிக் குடுக்கச் சொல்லேல்லை!

ஜெனிஸ்ரன்: பிடிச்சுக்கொண்டுதானே நிக்கிறன்... அவள் உதறுறாள் அக்கா.

நிறஞ்சலா: உதறாமல்? குதியைப் பார். தோல் உரிஞ்சு சிவந்துபோய்க் கிடக்கு. பாவம், வாயில்லாச் சீவன்.

ஜெனிஸ்ரன்: குளம்பில மாட்டின ரப்பர்ச் சப்பாத்துக்குள்ள மண் போயிருக்கும்...

நிறஞ்சலா: மண்ணும் மண்ணாங்கட்டியும்! சப்பாத்துக் கடிச்சிருக்கு. பாதித்தூரந்தான் ஓடியிருக்கிறாள், அதுக்குள்ள இந்தக் கோலம்.

ஜெனிஸ்ரன்: அப்ப கழட்டி எறி. மிச்சத்தை வெறுங்குளம்போட ஓடட்டும். ஓலைத்தொடுவாயில அப்பிடித்தானே பறக்கிறவள்.

நிறஞ்சலா: அங்க கடற்கரை மணல், மடையா. இஞ்ச கட்டுக்கரைக் குளக்கட்டு முழுக்கக் கிறவல் கல்லு. இனி நறுவிலிக்குளம் வரைக்கும் கல்லுத்தான். குளம்பு வெடிச்சுப்போகும்.

ஜெனிஸ்ரன்: அப்ப என்னதான் செய்யிறது? இண்டைக்கு இந்தப் போட்டி ஓட்டத்தை முடிக்காட்டி முதலாளி றூபியை நுவரெலியாச் சவாரிக்காரருக்கு வித்துப்போடுவார். பிறகு நீயும் நானும் அவளைக் கண்ணாலயும் காணமாட்டம்.

நிறஞ்சலா: தெரியும்! நீ வேற எரிச்சலைக் கிளப்பாதை... அந்தத் துணியை நனைச்சுத் தா. ஒரு மாசத்துக்கு முன்னமே சப்பாத்தை உன்ர கையில தந்தனான். முதல்ல கொஞ்ச நேரம், பிறகு கூட நேரம், அப்பிடிப் போட்டுப் பழக்கு எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னனான்.

ஜெனிஸ்ரன்: ம்...

நிறஞ்சலா: என்ன ம்? போன் எடுத்துக் கேக்கேக்கையெல்லாம், "ஓம் அக்கா, போட்டாச்சு, மகாராணி மாதிரி நடக்கிறாள்" எண்டு சொன்னியே!

ஜெனிஸ்ரன்: அது வந்து...

நிறஞ்சலா: வந்து?

ஜெனிஸ்ரன்: கத்தமாட்டியே?

நிறஞ்சலா: கத்துவன். சொல்லு.

ஜெனிஸ்ரன்: போடேல்லை.

நிறஞ்சலா: எத்தினை நாள் போடேல்லை?

ஜெனிஸ்ரன்: ஒரு நாளும் போடேல்லை... பாதர் மந்திரிக்கேல்லை அக்கா. புது வலையை மந்திரிக்காமல் கடலில நனைக்கிறமே? புது வள்ளத்தை இறக்கிறமே? பாதர் மடு மாதா கோயில்ல நிண்டவர். நேற்றுப் பின்னேரந்தான் வந்து தீர்த்தம் தெளிச்சவர்.

நிறஞ்சலா: மாதாவே! இது வலையாடா? காலில போடுற சப்பாத்தடா!

ஜெனிஸ்ரன்: அதைப் போட்டுக்கொண்டு உன்னையெல்லே சுமக்கப்போறாள்? நீ விழுந்து கிழுந்து... எனக்குப் பயம்.

நிறஞ்சலா: உன்ர பயத்துக்கு அவளின்ர கால் போச்சு.

ஜெனிஸ்ரன்: எல்லாத்தையும் என்ர தலையில போடாதை. விடியச் சப்பாத்துப் பூட்டினது ஆர்? நீதானே?

நிறஞ்சலா: கதையை மாத்தாதை! அந்தப் பட்டியைத் தளர்த்து... உஸ்! குதிரை டொக்டர் வாறா.

முஸ்பிரா: எங்க, அந்தக் காலக் காட்டுங்க பாப்பம்... ம், உரசின புண். இது பழகின சப்பாத்துத்தானே? அப்பிடியெண்டா மருந்து பூசி, துணி சுத்தி விடலாம். புதுசெண்டா இதோட நிப்பாட்டத்தான் வேணும். போகப் போக இன்னும் வெட்டும்.

ஜெனிஸ்ரன்: பழகினதுதான் டொக்டர்! ஒரு மாசமாப் போடுறம். என்னக்கா... சொல்லன்.

நிறஞ்சலா: நீ அந்தக் காலை இறுக்கிப் பிடி.

ஜெனிஸ்ரன்: அக்கா, றூபி போயிடுவாள்...

முஸ்பிரா: நிறஞ்சலா, நீங்கதானே குதிரை ஓடுற ஆள். நீங்க சொல்லுங்க.

நிறஞ்சலா: நிப்பாட்டுங்கோ டொக்டர். இண்டைக்குத்தான் முதன்முதல் போட்டது. விடியப் பூட்டேக்கையே கண்டனான், சப்பாத்தின்ர அடியில ஒரு கீறல் இல்லை. கேட்டால் இவன் உண்மையைச் சொல்லிப்போடுவான் எண்டு, கேக்காமலே ஏறினனான்.