ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்

டைம்கீப்பர்: மெதுவாப் பேசுய்யா. அவர் காதுல விழுந்துடப் போகுது.

கண்டக்டர்: அவர் டீக்கடைப் பக்கம் போயிருக்கார் சார். கை கழுவிட்டு வரேன்னாரு.

டைம்கீப்பர்: போன் யாருக்கு வந்துச்சு? உனக்கா, அவருக்கா?

கண்டக்டர்: அவருக்குத்தான். டியூட்டியில டிரைவர் போன் என் பையிலதானே இருக்கணும்... அதான் நான் எடுத்தேன். அவரு மச்சினன். மூணரை மணிக்காம் சார். அக்கா போயிட்டான்னு ஒரே அழுகை.

டைம்கீப்பர்: அடக் கடவுளே... சம்சாரம் தேறிட்டா, வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு அனுப்பிடுவாங்கன்னு காலையிலகூட சொன்னாரேய்யா.

கண்டக்டர்: நான் போய்ச் சொல்லிடறேன்.

டைம்கீப்பர்: நில்லு. துக்கச் சேதி கேட்ட டிரைவர் வண்டியத் தொடக் கூடாது. சாவிய நான் வாங்கி வச்சுக்கணும். மலை மேல வேற டிரைவர் கிடையாது, இதுதான் கடைசி வண்டி. நாளைக்குக் காலையில அடுத்த வண்டி ஏறி வர்ற வரைக்கும் அவரும் இங்கதான், உள்ள உக்காந்திருக்கிற நாப்பத்தோரு பேரும் இங்கதான்.

கண்டக்டர்: ஒரு ஜீப்பு கிடைக்காதா?

டைம்கீப்பர்: கிடைச்சா அனுப்ப மாட்டேனா? இருந்த ஒண்ணும் மத்தியானமே கீழ போயிடுச்சு.

கண்டக்டர்: அதுக்காக... சொல்லாம ஓட்ட விடறதா? பதினாலு கொண்டை ஊசி வளைவு சார்!

டைம்கீப்பர்: தெரிஞ்சாத்தான்யா ஓட்டக் கூடாது. தெரியலன்னா அவருக்கு இதுவும் எல்லா நாளும் மாதிரி ஒரு நாள், அவ்வளவுதான். கீழ ஸ்டாண்டுல எல்லாரும் இறங்கினப்புறம் பக்குவமாச் சொல்லு.

கண்டக்டர்: என் மூஞ்சியே காட்டிக் குடுத்துடும்.

டைம்கீப்பர்: டிக்கெட்டப் பாத்துக்கிட்டே வா... வராரு, வராரு.

டிரைவர்: என்னய்யா ரெண்டு பேரும், பரீட்சையில பிட் அடிச்சு மாட்டின பசங்க மாதிரி நிக்கிறீங்க? டயர் பாத்தாச்சு, பிரேக் பாத்தாச்சு. ஃபாரத்தக் குடுங்க.

டைம்கீப்பர்: இந்தாங்க... உடம்பு எல்லாம் பரவாயில்லையா?

டிரைவர்: அதான் நீங்களே அச்சடிச்சு வச்சிருக்கீங்களே. "உடலும் மனமும் சரியாக உள்ளன." கையெழுத்துப் போட்டாச்சு.

டைம்கீப்பர்: மெதுவாப் போங்க. அவசரமே இல்ல.

டிரைவர்: லேட்டு லேட்டுன்னு என் உயிர வாங்குற ஆளு நீங்கதானா? ஏறுடா தம்பி.

கண்டக்டர்: போலாம்... ரைட்.

டிரைவர்: மூணு வளைவு இறங்கியாச்சு. உன் பேச்சையே காணோம்?

கண்டக்டர்: உங்க தலைக்கு மேலேயே எழுதியிருக்கே அண்ணே. ஓட்டுநரிடம் பேச்சுக் கொடுக்காதீர்கள்னு.

டிரைவர்: ஆறு வருஷமா கண்ணுக்குத் தெரியாத போர்டு இன்னிக்குத்தான் தெரிஞ்சுதாக்கும்.

கண்டக்டர்: இறக்கம்ணே. ரோட்டப் பாருங்க.

டிரைவர்: பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். ஏறின கியர்லயே இறங்குறேன். நீ ஏதாவது பேசு... உன் பொண்ணுக்குப் பல்லு ஆடுதுன்னியே.

கண்டக்டர்: விழுந்துடுச்சு. முன்பல் ரெண்டும். இப்ப சிரிக்கவே மாட்டேங்குறா, கையால வாயப் பொத்திக்கிறா.

டிரைவர்: அவளும் அப்படித்தான். கல்யாணப் போட்டோ ஒண்ணுலகூட சிரிச்சிருக்க மாட்டா.

கண்டக்டர்: அண்ணியா?

டிரைவர்: வேற யாரு? பல்லு லேசா எத்து, அதுக்கு வெக்கம். எனக்கு அது தெரியாம, என்னைப் பிடிக்கலியோன்னு ஒரு மாசம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். என்னடா மூக்க உறிஞ்சுற?

கண்டக்டர்: சளி. குளிர் காத்து.

டிரைவர்: ஜன்னல மூடு. பெரிய வளைவு வருது, எல்லாரையும் கம்பியப் பிடிக்கச் சொல்லு.

கண்டக்டர்: கம்பியப் பிடிங்க! அம்மா, கொழந்தைய மடியில வச்சுக்கோங்க! ...அண்ணே, கை நடுங்குதே உங்களுக்கு.

டிரைவர்: வண்டி நடுங்குது.

கண்டக்டர்: ஓரமா ரெண்டு நிமிஷம் நிறுத்திட்டு...

டிரைவர்: வேணாம். நிறுத்தினா திரும்ப எடுக்க மாட்டேன். நீ பேசு. பேசிக்கிட்டே வா.

கண்டக்டர்: என்னத்தண்ணே பேசுறது...

டிரைவர்: எதையாவது. உன் வீட்டுக் குழாய் ஒழுகுதுன்னு தினம் அறுப்பியே, அதையாவது சொல்லு.

கண்டக்டர்: அதுவா... ஆள் வந்தான். சரி பண்ணான். இப்ப சுத்தமாத் தண்ணியே வரல.

டிரைவர்: ம். அப்புறம்?

கண்டக்டர்: அப்புறம்... அப்புறம் என் பொண்டாட்டி என்னைத் திட்டினா...

டிரைவர்: சொல்லு. கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன்.

கண்டக்டர்: ...ஸ்டாண்டு வந்துடுச்சு! எல்லாரும் பாத்து இறங்குங்க... பாத்து, பாத்து... அண்ணே, கடைசி சீட்டு வரைக்கும் பாத்துட்டேன். யாரும் இல்ல.

டிரைவர்: ஹேண்ட் பிரேக் போட்டாச்சு. இந்தா சாவி.

கண்டக்டர்: அண்ணே... உக்காருங்க. மலை மேல இருக்கும்போதே உங்க மச்சினன் போன் பண்ணாரு. அண்ணி...

டிரைவர்: மூணரை மணிக்கு.

கண்டக்டர்: ...உங்களுக்கு எப்படி?

டிரைவர்: டீக்கடைக்காரர் போன வாங்கி ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். நர்ஸம்மா சொன்னாங்க.

கண்டக்டர்: தெரிஞ்சுமா கையெழுத்துப் போட்டீங்க? நாப்பத்தோரு பேர்ணே! உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு நான் வழியெல்லாம் செத்துச் செத்துப் பொழச்சேன்...

டிரைவர்: பொய்க் கையெழுத்துதான். சாவியக் குடுத்திருந்தா ராத்திரி பூரா அவ கீழ, நான் மேல. அது ஒண்ணுதான் அப்ப மண்டையில ஏறுச்சு. பெரிய வளைவுல கொழந்தைன்னு நீ சத்தம் போட்டப்பதான் என்ன காரியம் பண்ணிட்டோம்னு உறைச்சுது. ரிப்போர்ட்ல அப்படியே எழுது. மாட்டேன்னு சொல்ல மாட்டேன்.

கண்டக்டர்: எழுதறதெல்லாம் அப்புறம். ஆஸ்பத்திரி எதுத்தாப்புலதான இருக்கு, ஓடுங்கண்ணே. ஏன் இன்னும் உக்காந்திருக்கீங்க?

டிரைவர்: அவகிட்ட சீக்கிரம் போகணும்னுதான்டா மலை இறங்கினேன். ஆனா வழியில ஒவ்வொரு வளைவுலயும் இன்னும் கொஞ்சம் ரோடு மீதி இருக்கேன்னு சந்தோஷப்பட்டேன்... இப்ப ரோடு முடிஞ்சு போச்சு. நீயும் கூட வா தம்பி. எனக்குப் பயமா இருக்கு.