வெள்ளையடிச்ச பன்னெண்டு கல்லு

– கல்லுன்னா கல்லுதானே மேடம்? கடற்கரை முழுக்கக் கிடக்கு. வேற ஒண்ணு எடுத்து வெச்சுக்கக் கூடாதா?

– கேட்டீங்களாக்கா? வேற ஒண்ணு வெச்சுக்கணுமாம்.

– கேட்டேன்டி கிழங்கு, கேட்டேன். ஏன் மேனேஜர் சார், உங்க ஹோட்டல் சாவிக்கொத்தை நான் தூக்கிட்டுப் போயிட்டு, கடையில எவ்வளவோ சாவி தொங்குது, வேற ஒண்ணு வாங்கிக்கோங்கன்னு சொன்னா சும்மா இருப்பீங்களா? எனக்கு இதுல ஒண்ணும் இல்ல. நான் பெட்ஷீட் குடுக்க வந்தவ. நமக்கெதுக்கு ஊர் வம்பு. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?

– இஸ்திரிக்கடை மேடம், நீங்க பெட்ஷீட் குடுத்து ஒரு மணி நேரம் ஆச்சு. குடுத்துட்டு நேரா வயலுக்கு ஓடி இவங்களைக் கூட்டிட்டு வந்திருக்கீங்க.

– ஓடலை, ஸ்கூட்டர்ல போனேன். உங்க வாசல்ல வரிசையா வெள்ளைக் கல்லைப் பாத்ததும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு.

– சார், பேசிட்டிருக்க நேரமில்ல. பத்து மணிக்கு நகராட்சி லாரி வரும். கல்லு இல்லாத குவியலையெல்லாம் வாரிட்டுப் போய்ப் புதைச்சுடுவாங்க. இப்ப மணி ஒன்பது பத்து.

– அதான் எனக்குப் புரியலை. நான் இந்த ஊருக்கு வந்து மூணு மாசம்தான் ஆகுது. எந்தக் குவியல்? அந்த நாத்தம் புடிச்ச பாசியா?

– போச்சு. சார், அவகிட்ட அந்த வார்த்தையைச் சொல்லாதீங்க. அவ புருஷனைத் திட்டினாக்கூட சிரிச்சுக்கிட்டு நிப்பா.

– அக்கா, சும்மா இருங்க. சார், முதல் நாள் சாப்பாட்டுக்கு இங்க வந்தப்ப, வேகவெச்ச உருளைக்கிழங்கு மூணு தட்டு வாங்கிச் சாப்பிட்டீங்களாமே?

– அது உங்களுக்கு எப்படித் தெரியும்?

– என்னையேன் பாக்கறீங்க? நான் யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லலையே. ரெண்டு பேர்கிட்டதான் சொன்னேன்.

– அந்தக் கிழங்கு என்னோடது. உங்க மெனு கார்டுல முதல் வரியிலயே போட்டிருக்கீங்க, கடலோரக் கிழங்குன்னு. எங்க வயல் வெறும் மணல் சார். அப்படியே போட்டா கோலிக்குண்டு சைஸுல காய்க்கும். புயலுக்கு அப்புறம் கடல் தள்ளற பாசியை வாரி, மூணு நாள் காயவெச்சு, கொண்டு போய் மண்ணுல புதைக்கணும். அப்புறம்தான் நடவு. எனக்கு அடுத்த வாரம் நடவு.

– சரி, கல்லு எதுக்கு?

– வாரின குவியல் மேல அவங்கவங்க வீட்டுக் கல்லை வெச்சுட்டுப் போயிடுவோம். காவல் கிடையாது, பேர் எழுதி வைக்கறது கிடையாது. அந்தக் கல்லு இருக்கற வரைக்கும் ஒருத்தன் ஒரு பிடி எடுக்க மாட்டான். லாரி டிரைவரும் தொட மாட்டார், மூணு நாள் டைம் குடுப்பார். கல்லு இல்லேன்னா அது குப்பை.

– எழுதி வைக்காமலா?

– சார், இந்த ஊர்ல கல்யாணப் பத்திரத்துல கையெழுத்துப் போட்டவன் ஓடிப்போயிருக்கான். மூணாவது தெரு தச்சரைக் கேளுங்க, கதை கதையாச் சொல்வார். ஆனா பாசிக் குவியல்ல கைவெச்சவன் ஒருத்தன் கிடையாது. அந்தப் பெருமை எங்களுக்கு உண்டு.

– நேத்து காலையில வாக்கிங் போனேன். குப்பை மேல யாரோ உருண்டையா, வழவழன்னு கல்லா வெச்சிருந்தாங்க. வீணாப் போகுதேன்னு தோட்டத்துத் தள்ளுவண்டியில ஏத்திட்டு வந்தேன். கழுவி, ரெண்டு கோட் பெயிண்ட் அடிச்சு, நானே முட்டி போட்டு உக்காந்து வரிசையா வெச்சேன். கெஸ்ட்டெல்லாம் நின்னு போட்டோ எடுக்கறாங்க மேடம். மத்தியானம் ஓனர் வர்றார். இதைக் காட்டலாம்னு இருந்தேன்.

– நல்லாத்தான் இருக்கு. பல்லு கட்டின மாதிரி.

– அக்கா!

– பாராட்டினேன்டி.

– சார், எனக்கு என்னன்னு கேளுங்க. எங்கப்பா போனப்ப வீடு அண்ணனுக்கு, கல்லும் வயலும் எனக்குன்னு சொல்லிட்டுப் போனார். அண்ணன் சிரிச்சான். பொம்பளை பாசி வாரி வயலுக்குக் கொண்டு போறதா, ஒரு வருஷம் தாங்க மாட்டா, அடுத்த சீசனுக்கு வயல் எங்கிட்டயே குத்தகைக்கு வரும்னு டீக்கடையில சொல்லியிருக்கான்.

– டீக்கடையில மட்டுமா? முடி வெட்டற கடையிலயும் சொன்னான். அன்னிக்கு எனக்கு அங்க துண்டு குடுக்கற வேலை இருந்தது.

– ரெண்டு நாள் விடியறதுக்கு முன்னாடி போய் ஒத்தை ஆளா வாரினேன் சார். என் இடுப்பு உயரத்துக்குக் குவியல். அது மேல கல்லை வெச்சப்ப பக்கத்துல நின்ன ஆம்பளைங்க நாலு பேரும் வாரறதை நிறுத்திட்டுப் பாத்தாங்க. அது இன்னிக்கு லாரியில குப்பையாப் போச்சுன்னா, எங்கண்ணன் ஒண்ணும் சொல்ல வேண்டாம், சும்மா என்னைப் பாத்துச் சிரிச்சாப் போதும்.

– சாரி மேடம். நிஜமாவே தெரியாது. உங்க கல்லு எதுன்னு பாத்து எடுத்துக்கோங்க. ஒண்ணு போனா வரிசையில பெருசாத் தெரியாது.

– என் கல்லை மட்டும் எடுத்துட்டு ஓடவா? மத்தவங்களோடது?

– அவங்க வந்து கேக்கட்டுமே.

– எல்லாரும் மேட்டு வயல்ல உழுதுக்கிட்டு இருக்காங்க. அங்க போன் கூட எடுக்காது. என் ஒரு குவியலைக் காப்பாத்திக்கிட்டு மத்ததை லாரிக்கு விட்டா, நாளைக்கு அந்த மணல்ல நான் எப்படித் தலை நிமிர்ந்து நடப்பேன்? எல்லாத்தையும் குடுங்க. எந்தக் குவியல் யாருதுன்னு எனக்கு வரிசையாத் தெரியும். எந்தக் கல்லு யாருதுன்னுதான்... இப்படி எல்லாத்துக்கும் ஒரே மாதிரி வெள்ளையடிச்சு வெச்சிருக்கீங்களே. என்னோடதைத் தவிர எனக்குத் தெரியாதே.

– அதுக்குத்தான் நான் இருக்கேன். தள்ளுங்க சார். தள்ளுவண்டியைக் கொண்டு வாங்க.

– உங்களுக்கு எப்படித் தெரியும்?

– நல்லாக் கேட்டீங்க. இந்த ஊர்ல எனக்குத் தெரியாதது என்ன இருக்கு? பெட்ஷீட்டைப் பாத்தே எந்த ரூம்ல சண்டைன்னு சொல்வேன். இந்தா, இது மூக்கு உடைஞ்ச கல்லு. பால்காரர் வீட்டுது. அண்ணன் தம்பி சண்டையில ஒருத்தன் தூக்கிப் போட்டான், யாரு மேலயும் படலை, கல்லு மூக்குதான் போச்சு. இப்பவும் ரெண்டு பேரும் பேசறதில்ல, ஆனா பாசி மட்டும் சேந்து வாருவாங்க. ஏத்து.

– ஏத்திட்டேன். அடுத்தது?

– நடுவுல ஓட்டை இருக்கறது கணக்கு வாத்தியாரோடது. ஓட்டையில கயிறு கட்டி வீட்டு வாசல்ல தொங்க விட்டிருப்பார், தொலைஞ்சுடுமாம். இதோ இது பூசணிக்காய் மாதிரி இருக்கே, படகுக்காரர் வீட்டுது. அந்த வீட்ல எல்லாமே பெருசு. பேச்சு, வயிறு, கல்லு.

– மெதுவா மேடம், அதுல பெயிண்ட் இன்னும் காயலை. சட்டையில ஒட்டும்.

– ஒட்டினா என்ன, எங்கிட்டதானே சலவைக்கு வரப்போகுது.

– அது சொல்லும்போதுதான் ஞாபகம் வருது. இன்னிக்கு வந்த தலகாணி உறையில பாசி வாடை அடிக்குது மேடம். ரெண்டு வருஷமா உங்க கடைக்குத்தான் துணி போகுது, இப்படி ஒரு நாளும் ஆனதில்லைன்னு ஹவுஸ்கீப்பிங்ல சொன்னாங்க.

– கடலோர ஊருக்கு லீவுக்கு வந்தவங்களுக்குக் கடல் வாசனை வேண்டாமா? அதுக்குத் தனியா ஒரு சார்ஜ் போடுங்க. காத்துடி கிழங்கு, இந்த வாரம் முழுக்க ஒரே கடல் காத்து. இந்தா, இந்த நீட்டுக் கல்லு ரொட்டிக் கடைக்காரர் வீட்டுது, இந்த முக்கோணக் கல்லு தச்சர் வீட்டுது. இந்த ஜோடி ரெட்டைப் பசங்களோடது, எது யாருதுன்னு அவனுங்களுக்கே தெரியாது, மாத்தி வெச்சாலும் பரவாயில்ல.

– உங்க வீட்டுக் கல்லு எங்கக்கா? உங்க மாமனார் காலத்துல நீங்களும் வாரினவங்கதானே?

– அது எப்பவோ. மேனேஜர் சார், உங்க நீச்சல் குளம் இருக்கே, அதுல எங்க மாமனார் வெங்காயம் போட்டார். நல்லா விளையும். இப்ப வெள்ளைத் துண்டு கட்டினவங்க மிதக்கறாங்க. வித்துட்டு வந்த அன்னிக்கு அந்த மனுஷன் கல்லை மட்டும் தூக்கிட்டு வந்தார். எங்கிட்ட குடுத்து, வெச்சுக்கோம்மான்னார். என்ன பண்றது? இஸ்திரி மேசையில போட்டேன். ஒரு பக்கம் தட்டையா இருக்கும், சூடான பெட்டியை நிறுத்தறதுக்கு வாகா இருந்தது. இருபத்திரெண்டு வருஷம். நமக்கு இனிமே எதுக்கு மண்ணும் பாசியும்? இஸ்திரி போட்டே மானமாத்தான் இருக்கேன்.

– நான் அப்படிச் சொல்லலையேக்கா.

– நீ சொல்லலை. ஊர் சொல்லும். நிலத்தை வித்த வீடுன்னு.

– ஏழு ஆச்சு மேடம். மணி ஒன்பதரை.

– அக்கா, இன்னொண்ணு கேக்கணும். கடைசியில, பாறை ஓரத்துல ஒரு குட்டிக் குவியல் இருந்தது. அது யாருது? அங்க யாரும் வாரறது இல்லையே. யாரோ கத்துக்குட்டி வேலை. சீப்பே படாத தலை மாதிரி அங்கங்க நீட்டிக்கிட்டு...

– அவ்வளவு மோசமா ஒண்ணும் இல்லையே! கீழ அகலமா, மேல கூம்பாத்தான் இருந்தது.

– நீங்க எப்பப் பாத்தீங்க?

– வர்ற வழியில. கண்ணு இருந்தா பாக்கத்தானே செய்யும். இந்தா, எட்டு. தபால்காரர் வீட்டுது, தொட்டா சில்லுனு இருக்கும், அவர் முகம் மாதிரி. ஒன்பது, நர்ஸம்மா. பத்து, அந்தப் புதுசாக் கல்யாணம் ஆனவங்க. பாவம், மாமியார் கல்லு குடுக்கலை, அதுங்களாப் போய்ப் பொறுக்கி எடுத்தது. ஆனா எடுத்ததை மாத்தவே இல்ல பாரு, அதுக்கு மரியாதை குடுக்கணும்.

– இது என்னோடது.

– எப்படி மேடம் பாக்காமலே சொல்றீங்க?

– பாக்க எதுக்கு? இடது பக்கம் கட்டைவிரல் உக்கார ஒரு பள்ளம் இருக்கும். அப்பா விரல், அவங்க அப்பா விரல், இப்ப என்னோடது. நீங்க அஞ்சு கோட் அடிச்சாலும் இது மறையாது சார்.

– தூக்கிக் காட்டுங்க... நான் ஒரு கையில தூக்க முடியாம ரெண்டு கையில தூக்கினதுல இதுவும் ஒண்ணு.

– இனிமே ஒண்ணு தெரிஞ்சுக்கோங்க. கிழங்கு ருசியா இருக்குன்னு யாராவது கெஸ்ட் சொன்னா, மெனு கார்டைக் காட்டாதீங்க. ஜன்னலைத் திறந்து அந்த நாத்தம் புடிச்ச பாசியைக் காட்டுங்க.

– காட்டறேன் மேடம். ஓனருக்கும் அதையே காட்டறேன். வரிசை எங்கன்னு கேட்டா, கடற்கரையில இருக்கு, வாங்கன்னு கூட்டிட்டுப் போறேன். வெள்ளைக் கல்லு தூரத்துல இருந்தே நல்லாத் தெரியும்ல?

– இது நல்ல யோசனை. லாரி டிரைவருக்கும் கண்ணு கொஞ்சம் மங்கல்தான். மூக்குக் கண்ணாடி போட வெட்கம், பொண்ணு பாத்துட்டிருக்காங்க. சரி, கிளம்பு கிளம்பு. வண்டியைத் தள்ளு.

– பதினொரு வீடு, பதினொரு கல்லு. சரியாப் போச்சு. வாங்கக்கா.

– மேடம், பன்னெண்டு எடுத்துட்டு வந்தேன். இதோ ஒண்ணு மிச்சம் இருக்கே. யாருதுன்னு நீங்க சொல்லலையே?

– அதுவா? அது... ஏதோ சும்மா கல்லு.

– அப்ப இதாவது எனக்கு இருக்கட்டும். கேட்டுக்குப் பக்கத்துல வெச்சுக்கறேன்.

– வேண்டாம்!

– ஏன் மேடம் கத்தறீங்க? சும்மா கல்லுதானேன்னு சொன்னீங்க.

– சும்மா கல்லுதான். அதுக்காக... அதையும் ஏத்துங்க. ஏத்துங்கன்னா ஏத்துங்களேன்!

– சரி, சரி. இது எங்க இருந்தது தெரியுமா, அந்தப் பாறை ஓரத்துல. தட்டையான பக்கத்தைக் கீழ வெச்சேன், ஆடாம நின்னது. அதனால அடியில பெயிண்ட் அடிக்கலை. அட, இங்க பாருங்க மேடம், கருப்பா ஒரு அச்சு இருக்கு. சின்னப் படகு மாதிரி.

– குடுங்க சார் பாக்கலாம்... இது படகு இல்ல. ஒரு முனை கூர்மையா, இன்னொரு முனை நேரா... சூடு பட்டுப் பட்டுக் கருகியிருக்கு. அக்கா?

– மணி ஒன்பது நாப்பதுடி.

– அக்கா, அந்தக் கத்துக்குட்டி... தலகாணி உறை...

– துணி காயப்போடற இடத்துல மூணு பாத்தி வெட்டி, ஒண்ணுல பாசியும் போட்டிருக்கேன். வண்டியில போடாதே, எங்கிட்ட குடு, அதை நான்தான் கொண்டு போய் வைக்கணும். ஏய், உங்க ரெண்டு பேருக்கும் சொல்றேன், யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாது. முதல்ல ஏதாவது விளையட்டும், அப்புறம் ஊருக்கு நானே சொல்லிக்கறேன்.