கடைசி பிரசிடெண்ட்

போன வாரம் ஜெர்சி சிட்டி ரயிலில் கேட்டது இன்னும் மனதை விட்டுப் போகவில்லை. பக்கத்து இருக்கைக்காரர் சென்னையில் இருக்கும் மகளிடம் வீடியோவில் பேசிக்கொண்டிருந்தார்.

"இதான் கடைசி க்ளூ. வெள்ளை மாளிகையில ஆடு வளர்த்த பிரசிடெண்ட் யாரு?"

மகள் "மே..." என்று கத்திவிட்டுப் பெயரையும் சரியாகச் சொன்னாள்.

"எல்லா பிரசிடெண்டும் ஓவர்ப்பா! நாளைக்கு ஃப்ளைட்டா?"

"அம்மாவுக்கு இன்னும் விசா வரலடா கண்ணு."

"தினம் ஒரு பிரசிடெண்ட், கடைசி ஆள் முடியறதுக்குள்ள ஜெர்சி வந்துடலாம்னு நீதானே சொன்னே?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"நாளையிலேர்ந்து வைஸ் பிரசிடெண்ட்ஸ். அவங்க இன்னும் காமெடி."



"அவங்க எத்தனை பேருப்பா?"