என் இடுப்பும் அந்த மேப்பிள் மரமும்

பாதர், முழங்காலில் நிற்காததற்கு மன்னிக்க வேண்டும். இடுப்பு பிடித்திருக்கிறது. பெல்ட் போகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, இடது பக்கம், யாரோ ஒரு திருகாணியை வைத்து ஆறுதலாக முறுக்குவது போல இருக்கிறது. கதிரையில் இருந்து சொன்னாலும் பாவம் பாவம்தானே.

நான் கோபக்காரன் இல்லை. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். செய்ததை யோசித்துத்தான் செய்தேன். ஏணியைக்கூட முதல்நாளே எடுத்து, கால் ஆடுகிறதா என்று பார்த்து வைத்திருந்தேன்.

என் தகப்பன் மன்னாரில் கரைவலை இழுத்தவர். கயிற்றைப் பிடிக்கும் உயரம் வந்ததும் நானும் இழுத்தேன். இங்கே கனடாவில், பிறம்ரனில் ஒரு வெயார்ஹவுஸில் லொறிகளுக்குப் பெட்டி ஏற்றுகிறேன். இப்படி வளர்ந்தவன் எதைக் கண்டாலும் முதலில் என்ன பாரம் வரும் என்றுதான் பார்ப்பான். நிறம் பார்க்க நேரம் இருந்ததில்லை. மழையில் ஊறிய மேப்பிள் இலையை ஒரு பை நிறைய அள்ளித் தூக்கிப் பாருங்கள், பாதர். ஈரவலைக்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டு முன்புல்லில் அப்படி ஒரு மரம் நிற்கிறது. அதிக உயரம் இல்லை. ஆனால் தெருவில் மற்ற மரங்கள் மஞ்சளாகிச் சோர்ந்து போகும்போது இது மட்டும் செத்தல் மிளகாய் மாதிரிச் சிவக்கும். பிரச்சினை அங்கேதான் தொடங்கியது.

பஸ்ரியனை உங்களுக்குத் தெரியும். என் மனைவி ஜோசப்பினின் அண்ணன். என் தங்கை வேரோனிக்காவின் புருஷனும் அவன்தான். எங்களுடையது மாற்றுச் சம்பந்தம். அவன் தங்கையை எனக்கும் என் தங்கையை அவனுக்கும் ஒரே கோயிலில், ஒரே பூசையில் கட்டி வைத்தார்கள். ஒரு பந்தலோடு காரியம் முடிந்தது என்று இரண்டு வீட்டுக் கிழவர்களுக்கும் சந்தோசம். பஸ்ரியன் இப்போது வீடு வாங்கி விற்கிற ஏஜென்ட். ஊருக்கெல்லாம் வீடு விற்கிறவன் தான் மட்டும் அடுக்குமாடிக் கொண்டோவில் இருக்கிறான். கழுத்தில் பெரிய கமரா உண்டு, மரம் இல்லை. ஆகையால் ஒவ்வொரு ஒக்ரோபரும் குடும்பத்தோடு என் மரத்துக்கு வருவான்.

"மச்சான், இலையைக் கூட்டிப்போடாதை. கம்பளம் மாதிரிக் கிடக்கட்டும்."

"மழை வரப்போகுது, பஸ்ரியன்."

"வந்தால் இன்னும் விசேஷம். இலை மினுங்கும். உந்த றேக்கை அங்கால எடு, பிறேமுக்குள்ள நிக்குது. நீயும் கொஞ்சம் அங்கால போ."

நான் போவேன். அப்போதெல்லாம் ஜோசப்பின் என்னைத் திரும்பிப் பார்ப்பாள். "இஞ்சருங்கோ, நீங்களும் ஒருக்கா வந்து எனக்குப் பக்கத்தில நில்லுங்கோவன்" என்பாள். நான் இலை வாரும் றேக்கைக் காட்டி, வேலை கிடக்குது என்பேன். உண்மையிலேயே கிடக்கும்.

ஒருமுறை நான் கூட்டி அள்ளி, கடதாசிப் பைகளில் அமுக்கி, நகரசபை லொறிக்காக வீதியோரம் வைத்திருந்தேன். பஸ்ரியன் அத்தனை பையையும் பிரித்துக் கொட்டி, பிள்ளைகளை மேலே எறியச் சொல்லிப் படம் எடுத்தான். 'அக்‌ஷன்' என்றான். நான் திரும்பக் கூட்டினேன். அவன் படத்தை முகநூலில் போட்டு, கீழே என் வீட்டு விலாசத்தையும் போட்டான். அடுத்த சனிக்கிழமை நான் வேலையால் வந்தபோது காரை விட இடமில்லை. என் புல்லில் முன்பின் தெரியாத ஒரு மணப்பெண் படுத்திருந்தாள். மாப்பிள்ளை வந்து, "அங்கிள், வோஷ்றூம் எங்க?" என்று கேட்டார். நான் காட்டினேன். சொன்னேனே, நான் கோபக்காரன் இல்லை.

ஆட்களை வேறு மரத்துக்கு அனுப்புவதுதான் புத்தி என்று தீர்மானித்தேன். பஸ்ரியனின் வட்ஸ்அப் குழு ஒன்று இருந்தது, 'இலையும் லென்ஸும்' என்று. வேறொரு நம்பர் எடுத்து, அபிஷன் என்ற பெயரில் அதில் சேர்ந்தேன். கனடா முழுவதும் எங்கெங்கே இலை பார்க்கலாம், எங்கே நின்று படம் எடுக்கலாம் என்று எழுதத் தொடங்கினேன்.

நான் ரொறன்ரோவை விட்டு நயாகரா வரைக்கும்தான் போயிருக்கிறேன். ஆனால் எங்கள் வெயார்ஹவுஸில் லொறி போகாத ஊர் இல்லை. பெட்டியில் ஒட்டியிருக்கும் பெயர்களைப் பார்த்துத்தான் இந்த நாட்டை நான் படித்தேன். எந்த ஊருக்குப் போன சாரதி அதிக நாள் கழித்துத் திரும்பி வருகிறாரோ, அந்த ஊரை அதிகம் புகழ்ந்தேன்.

முதலில் அல்கொங்குவின் பூங்கா. அது என் பிழை. மிகவும் கிட்ட. விடியப் போனவர்கள் பின்னேரமே திரும்பி, வழிதானே என்று என் வீட்டில் சாப்பிட்டார்கள். அடுத்து கியூபெக் மலைகள். அதற்கடுத்து கேப் பிரெற்றன். 'கடலுக்கு மேலே மலை, மலை முழுக்க நெருப்பு, பெண்கள் நீலம் உடுத்தால் எடுப்பாக இருக்கும்' என்று எழுதினேன். எனக்கே ஆச்சரியமாக இருந்தது. பஸ்ரியன் அதை என் சாப்பாட்டு மேசையில் இருந்து என்னிடமே வாசித்துக் காட்டினான்.

"அபிஷன் எண்டு ஒருத்தன் எழுதுறான், மச்சான். ரசனை எண்டால் அதுதான். உனக்கு உதுகள் விளங்காது."

"விளங்காதுதான்" என்றேன்.

பிறகு றொக்கி மலைகள். அங்கே ஊசியிலை மரங்கள்கூட மஞ்சளாகுமாம். எங்கள் சாரதி ஒருவர் சொன்னது. அதை நம்பி ஒரு புதுச் சோடி பட்டு வேட்டி சேலையோடு மலை ஏறி, பனிக்குள் நின்று படம் எடுத்தது. மாப்பிள்ளைக்கு நியூமோனியா. இப்போது சுகம் என்று கேள்வி.

ஆனாலும் எல்லோரும் நேரத்தோடு திரும்பி வந்தார்கள், பாதர். இந்த நாட்டில் இலை வடக்கிலும் மலையிலும் முதலில் பழுக்கிறது. ரொறன்ரோவுக்குக் கடைசியாகத்தான் வருகிறது. எங்கே அனுப்பினாலும் ஆள் சுற்றிக்கொண்டு என் மரத்துக்கு வந்து சேரும். கரைவலை மாதிரி. எவ்வளவு தூரத்துக்கு வளைத்துப் போட்டாலும் வலையின் மடி கரைக்குத்தான் வரும்.

இந்த வருடம் வெள்ளி விழா வந்தது. பஸ்ரியனுக்கும் வேரோனிக்காவுக்கும் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். ஒக்ரோபர் கடைசிச் சனி உங்கள் கோயிலில் பூசை. பூசை முடிந்ததும் சொந்தக்காரர் எல்லோரும் என் மரத்தடியில் அல்பத்துக்குப் படம். என்னை யாரும் கேட்கவில்லை. மரத்தையும் கேட்கவில்லை.

அபிஷன் கடைசியாக ஒரு முயற்சி செய்தான். வெள்ளி விழா அல்பத்துக்கு ஏற்ற இடம் நுனாவுட் என்று எழுதினான். லொறி வின்னிபெக்கோடு நின்றுவிடும், அதற்கப்பால் பிளேனில் பெட்டி போகிற ஊர் ஒன்று. அங்கே மரம் முளைக்காது என்பது அபிஷனுக்குத் தெரியும். ஓகஸ்ட் கடைசியில் அங்கிருந்து பஸ்ரியன் எனக்குப் போன் எடுத்தான்.

"மச்சான், இஞ்ச மரம் ஒண்டையும் காணேல்லை."

"வடிவாப் பார்."

"வடிவாத்தான் பாக்கிறன். கல்லுத்தான் கிடக்கு. வேரோனிக்கா சேலைக்கு மேல உன்ர பழைய ஜக்கற்றைப் போட்டுக்கொண்டு அழுறாள்."

"குனிஞ்சு பார், பஸ்ரியன்."

சும்மா சொன்னேன். அவன் குனிந்து பார்த்திருக்கிறான். அங்கே கணுக்கால் உயரத்தில் செடிகள், தரை முழுக்க ரத்தச் சிவப்பாம். வயிற்றில் படுத்து எடுத்த படங்களைக் குழுவில் போட்டான். ஊரே வாயைப் பிளந்தது. அபிஷனுக்குப் பொன்னாடை போர்த்த வேண்டும் என்றார் ஒருவர். ஆனால் திரும்பி வந்து பஸ்ரியன் சொன்னது இதுதான்: "எல்லாம் முழங்காலுக்குக் கீழ, மச்சான். அல்பத்துக்கு ஆள் நிக்க மரம் வேணும். உன்ர மரம்தான் சரி."

பிறகு எனக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதை நீங்களும் ஒப்புக்கொள்வீர்கள்.

புல்லு வெட்டுகிற கொம்பனி வைத்திருக்கும் கஜீவனிடம் இலை ஊதுகிற மெஷினை இரவல் வாங்கினேன். சனி காலை ஜோசப்பின் கடுகு நிறத்தில் ஒரு பட்டு உடுத்தினாள். சிவப்பு இலைக்கு அது எடுப்பாம். அதே நிறத்தில் எனக்கும் ஒரு சேர்ட் வாங்கி, அயன் பண்ணிக் கதவில் கொழுவியிருந்தாள்.

"நீர் முன்னால போம். இடுப்பைக் கொஞ்சம் நிமித்திப்போட்டு நான் மற்றக் காரில வாறன்" என்றேன்.

"கட்டாயம் வருவியள்தானே?"

"ஓம்."

கார் திரும்பியதும் ஏணியை வைத்தேன். இலை அந்த நேரத்தில் காம்பு இளகித்தான் நிற்கும். மெஷினை மேலே பிடித்தால் பாதி தானாகக் கொட்டும். மிச்சத்தை நீளத் தடியால் தட்டினேன். அதற்கும் வராததைக் கையால் பிடுங்கினேன். எதிர்வீட்டு வெள்ளைக்காரக் கிழவி யன்னலில் நின்று பார்த்தார். கை காட்டினேன். அவரும் காட்டினார். இலையை எல்லாம் பைகளில் கட்டி கராஜுக்குள் வைத்தேன். புல்லில் ஒன்றும் கிடக்கவில்லை. வேலை என்று எடுத்தால் சுத்தமாகச் செய்துதான் பழக்கம். உச்சியில் ஒரே ஒரு இலை எட்டவில்லை. அதற்காகக் கழுத்தை முறிக்க விருப்பமில்லாமல் விட்டேன்.

கார்கள் வரிசையாக வந்து நின்றன. பட்டுச் சேலைகளும் கோட்டுகளும் இறங்கி, மரத்தைப் பார்த்து, அப்படியே நின்றன. மரம் குளித்துவிட்டு வந்த மொட்டைத் தலை மாதிரி இருந்தது.

"என்னடா இது?" என்றான் பஸ்ரியன்.

"காத்து" என்றேன்.

பஸ்ரியன் தெருவை மேலும் கீழும் பார்த்தான். மற்ற மரங்கள் எல்லாம் நிறைய இலையோடு நின்றன. "காத்து உன்ர வீட்டு அட்ரஸைக் கேட்டுக்கொண்டே வந்தது?"

வேரோனிக்கா, "அண்ணா, நீ பூசைக்கும் வரேல்லை" என்றாள். நான் இடுப்பைக் காட்டினேன்.

ஜோசப்பின் கிட்ட வந்து, என் தலைமயிருக்குள் சிக்கியிருந்த ஒரு சிவப்பு இலையை எடுத்தாள். அதைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தன் ஹாண்ட்பாக்குக்குள் வைத்துப் பூட்டினாள்.

படம் எடுக்காமல் விடவில்லை. பஸ்ரியன் விடுகிற ஆளா? மொட்டை மரமும் உச்சியில் ஒற்றை இலையும் கீழே இத்தனை பட்டுகளுமாய் அந்தப் படத்தைக் குழுவில் போட்டான். அபிஷனின் கருத்தையும் கேட்டிருந்தான்.

பூசையில் நடந்ததைப் பிறகுதான் கேள்விப்பட்டேன். பீடத்துக்கு முன்னால் நீங்கள் நாலு கதிரை போடுவித்தீர்களாம். நாலாவதைப் பார்த்துக்கொண்டு கொஞ்சநேரம் காத்திருந்தீர்களாம். கடைசியில் பஸ்ரியன் அதில் தன் கமராப் பையை வைத்தானாம். மோதிரம் மந்திரிக்கும் நேரம் ஜோசப்பின் தன் கையைத் தானே பிடித்துக்கொண்டு நின்றாளாம். ஓம், பாதர். ஒரே கோயில், ஒரே பூசை என்று முன்னமே சொன்னேன். இருபத்தைந்து வருடம் எனக்கும்தான். மரத்தை முடிக்கிற அவசரத்தில் அதை நான் பெரிதாக யோசிக்கவில்லை.

அவள் இன்றுவரை சத்தம் போடவில்லை. கடுகு நிறச் சேலையை மடித்து வைத்தாள். கதவில் கொழுவிய சேர்ட்டை மட்டும் எடுக்கவில்லை. நேற்று அவள் வேலைக்குப் போன பிறகு கராஜில் ஒரு பையைப் பிரித்து, ஒரு இலையை எடுத்து, பசை போட்டுக் கிளையில் ஒட்டிப் பார்த்தேன். அணில் வந்து கொண்டுபோய்விட்டது. இந்த இடுப்பு அப்போது பிடித்ததுதான்.

பஸ்ரியனுக்கு நான் ஒன்றும் கடன் இல்லை. அவனுக்கு நாடு முழுவதையும் காட்டியிருக்கிறேன். மரத்துக்கும் இல்லை. சித்திரையில் அது தன்பாட்டில் தளிர்க்கும். கஜீவனின் மெஷினையும் துடைத்துத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஜோசப்பினுக்கு மட்டும் ஒரு படம் கொடுக்க வேண்டும். அந்த மரத்தடியில், இலையோடு, அவளுக்குப் பக்கத்தில் நான் நிற்கிற ஒரு படம். அது இன்னும் கடனாகவே இருக்கிறது.