நான்காம் நாள் எண்ணெய்

மாலை ஆறு நாற்பத்தாறு. மில் சங்கு இன்னும் ஊதுகிறது. முதல் கல் சுவரில் படுகிறது. தொப்பென்று ஒரு சத்தம். இரண்டாவது கல் சன்னல் கம்பியில். டங். அம்மா காய்ச்சலோடு கட்டிலை விட்டு எழுந்து கத்துகிறாள்.

"விலகுங்க! சன்னலை விட்டு விலகுங்க!"

தெருவில் விசில். ஓடுகிற செருப்புச் சத்தம். "அணைங்கடா வெளக்க! அணைங்கடா!" அப்பா சன்னலுக்கு நேரே நிற்கிறார். இரண்டு கையும் விளக்குத் தகட்டைப் பிடித்திருக்கின்றன. மூன்றாவது கல் கம்பிக்கு நடுவே புகுந்து வருகிறது. சன்னல் கண்ணாடி உடைகிறது. அப்பா கத்தவில்லை. விளக்குத்தான் விழுகிறது. பித்தளை சிமெண்டுத் தரையில் விழுந்து உருள்கிற சத்தம். அது நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று.

1971 டிசம்பர் பதினைந்து. புதன்கிழமை. மதுரை, தல்லாகுளம். எனக்கு அப்போது இருபத்தொரு வயது. அரசு அலுவலகத்தில் தட்டச்சாளராகச் சேர்ந்து ஏழு மாதம். நேரத்தையும் எண்களையும் தப்பாக அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது.

போர் எங்கேயோ நடந்தது. வங்கத்தில் நடந்தது. பஞ்சாபில் நடந்தது. மதுரையில் ஒரு குண்டும் விழவில்லை. போரைப் பற்றிச் சாட்சி சொல்ல உனக்கென்ன யோக்கியதை என்று கேட்பவர்கள் கேட்கட்டும். என் அப்பாவின் கண் எங்கே போயிற்று என்று முதலில் அவர்கள் சொல்லட்டும்.

நாங்கள் யூதர்கள். கொச்சியிலிருந்து வந்தவர்கள். அப்பா சாமுவேல் டைப்ரைட்டர் மெக்கானிக். கோர்ட்டுக்குப் பக்கத்தில் சின்னக் கடை. மனு அடிக்கிறவர்களின் மிஷின் எதுவானாலும் அவர் கைக்குத்தான் வரும். தெருவில் எங்களை வேதக்காரர்கள், அதாவது கிறிஸ்தவர்கள் என்றே நினைத்தார்கள். பெயர் அப்படி. அப்பா திருத்துவார். மறுநாள் மறந்துவிடுவார்கள். அதில் யாருக்கும் வருத்தம் இல்லை. சொந்தக்காரர்கள் ஒவ்வொருவராக இஸ்ரேலுக்குக் கப்பலேறினார்கள். அப்பா மட்டும் அசையவில்லை. "எங்கெங்கயோ நம்ம ஆளுகளை அடிச்சு விரட்டியிருக்காய்ங்க. இந்த ஊர்ல ஒருத்தன் ஒரு சொல்லு சொன்னதில்ல. நான் எதுக்குப் போகணும்?" என்பார். இதை அவர் பெருமையாகச் சொல்லும்போது நானும் பெருமையாகத்தான் கேட்டேன்.

அந்த வாரம் எங்களுக்கு ஹனுக்கா. எட்டு நாள் விளக்குப் பண்டிகை. ஒரு காலத்தில் அந்நிய அரசன் ஒருவன் எங்கள் கோயிலைப் பிடித்துக்கொண்டான். வேதம் படிக்கக் கூடாது என்றான். ஓய்வுநாள் கூடாது என்றான். ஒரு கிழவரும் அவருடைய ஐந்து பிள்ளைகளும் எதிர்த்து எழுந்தார்கள். கோயிலை மீட்டார்கள். விளக்கேற்றச் சுத்தமான எண்ணெய் ஒரே ஒரு ஜாடிதான் இருந்தது. ஒரு நாளைக்குத்தான் காணும். எட்டு நாள் எரிந்தது. அதனால் முதல் நாள் ஒரு விளக்கு, இரண்டாம் நாள் இரண்டு, எட்டாம் நாள் எட்டு. மற்றவற்றை ஏற்றுவதற்கென்றே தனியாக ஒன்று உண்டு. வேலைக்கார விளக்கு. எல்லாம் ஒரே பித்தளைத் தகட்டில் இருக்கும்; அது மட்டும் மேலே தள்ளி நிற்கும். எண்ணிக்கையில் சேராது.

விளக்கு தெருவுக்குத் தெரிய வேண்டும். நடந்த அற்புதத்தை ஊருக்குச் சொல்லத்தான் அதை ஏற்றுவது. அந்த வெளிச்சத்தில் எந்த வேலையும் பார்க்கக் கூடாது. படிக்கக் கூடாது. தைக்கக் கூடாது. எதையும் எண்ணக் கூடாது. சும்மா உட்கார்ந்து பார்க்கலாம். இன்னொரு விதியும் இருக்கிறது. ஆபத்துக் காலமானால் சன்னல் வேண்டாம். உள்ளே மேசைமேல் வைத்தால் போதும். எங்கள் பெரியவர்கள் அடி வாங்கி வாங்கி எழுதி வைத்த விதி அது.

எதிர்வீடு பரசுராமன். நான் அவரைச் சித்தப்பா என்று கூப்பிட்டு வளர்ந்தவள். கூட்டுறவுப் பண்டகசாலையில் குமாஸ்தா. டிசம்பர் மூன்றாம் தேதி சண்டை மூண்டது. நாலைந்து நாளில், எதிரி விமானத்துக்குப் பயந்து, எங்கள் வட்டாரத்தில் இருட்டடிப்பு வந்தது. ஆறே முக்காலுக்கு மில் சங்கு ஊதும். அதன்பிறகு ஒரு பொட்டு வெளிச்சம் வெளியே தெரியக் கூடாது. சன்னலுக்கெல்லாம் பிரவுன் பேப்பர். லாரி முகப்பு விளக்கில் பாதிக்குக் கறுப்பு மை. பரசுராமன் சித்தப்பா தொண்டராகச் சேர்ந்தார். கையில் துணிப்பட்டை. கழுத்தில் விசில். அதுவரை அவர் பேச்சை அவர் பெண்டாட்டிகூடக் கேட்டதில்லை. இப்போது தெருவே கேட்டது.

சண்டை மூளுகிற வாரத்தில்தான் கார்த்திகை வந்து போனது. தெரு முழுக்க அகல். எங்கள் வாசலிலும் சித்தப்பாவின் மகள் வந்து இரண்டு வைத்துவிட்டுப் போனாள். பத்து நாள் கழித்து நாங்கள் வைத்தது குற்றமாயிற்று.

அப்பாவிடம் ஒரு திட்டம் இருந்தது. சூரியன் ஆறு மணிக்கு விழுகிறது. விளக்கு அரை மணி எரிந்தால் எங்கள் விதிக்குப் போதும். சங்கு ஊத ஆறே முக்கால். அதற்குள் தானாக அணைந்துவிட வேண்டும். மருந்து ஸ்பூனை எடுத்து இரண்டு நாள் சோதித்துப் பார்த்தார். விளக்குக்கு ஒரு ஸ்பூன் தேங்காயெண்ணெய். அரை மணி. "சர்க்காருக்கும் மரியாதை, சாமிக்கும் மரியாதை" என்று சிரித்தார்.

டிசம்பர் பன்னிரண்டு, ஞாயிறு. ஒரு விளக்கு. அம்மா நெய்யப்பம் சுட்டாள். எவர்சில்வர் தட்டில் எதிர்வீட்டுக்கு நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன். திங்கள். இரண்டு. செவ்வாய். மூன்று. அன்று விளக்கு அணைந்ததும் சித்தப்பா வீட்டுக்கு வந்தார்.

"என்னண்ணே, தெனம் ஒண்ணு கூடுதே?"

அப்பா அவரை உட்கார வைத்துக் கதை முழுவதும் சொன்னார். அரசன், கிழவர், ஜாடி, எல்லாம். ஒருவர் வலிய வந்து கேட்டது அதுதான் முதல் தடவை. அப்பாவுக்கு முகமெல்லாம் சந்தோஷம்.

"அப்ப நாளைக்கு எம்புட்டு?"

"நாளைக்கு நாலுப்பா. மேல இருக்கிறதச் சேத்தா அஞ்சு."

"ஓகோ" என்றார் சித்தப்பா. "நெய்யப்பம் பிரமாதம்ணே. தட்ட நாளைக்குக் குடுத்துவிடுறேன். வாரேன்."

அவர் போனதும் அம்மா பிடித்துக்கொண்டாள். "அவரு கேட்ட தோரணையே சரியில்ல. உள்ள வெச்சிருங்க. ஆபத்துக் காலத்துல மேசையே போதும்னு நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க?"

"ஆபத்துன்னா யாரால? பரசுராமனாலயா? நம்ம வீட்டுப் பலகாரத்தத் தின்னுட்டுப் போறான். மேசையில வெச்சா அவனப் பகையாளின்னு நானே சொன்ன மாதிரி ஆயிரும். அந்த வார்த்தை என் வாயில வராது ராகேலு."

வரவேயில்லை. கடைசிவரை வரவில்லை.

புதன்கிழமை அம்மாவுக்குக் காய்ச்சல். எண்ணெய் ஊற்றுகிற வேலை எனக்கு வந்தது. முந்தின நாள் ஒரு திரி ஆறு இருபத்தெட்டுக்கே மங்கத் தொடங்கியது. எனக்கு எரிச்சலாக இருந்தது. பண்டிகைக்குக்கூடவா மருந்து மாதிரி அளந்து ஊற்றுவது? ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் விட்டேன். அப்பாவிடம் சொல்லவில்லை.

ஆறு நான்குக்கு ஏற்றினார். பாடினார். ஆறு முப்பத்துநான்கு தாண்டியது. விளக்குகள் ஆடவில்லை. ஆறு நாற்பது. அப்பா கைக்கடிகாரத்தைப் பார்க்கிறார். விளக்கைப் பார்க்கிறார். மறுபடி கடிகாரம்.

"எஸ்தரு! இங்க வா! ஒரு ஸ்பூன் எண்ணெ! நாப்பது நிமிசம் ஆகப்போகுது! நின்னு எரியுது பாரு!"

ஐம்பத்திரண்டு வயது மனிதர். குழந்தை மாதிரி நின்றார். கண் நிறைந்துவிட்டது. அந்த முகத்தைப் பார்த்து, நான்தான் ஊற்றினேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. ஐந்து நிமிடம் இருந்தது. ஐந்து நிமிடமும் சும்மா நின்றேன். பாவி.

ஆறே முக்கால். சங்கு. அப்பா திடுக்கிட்டார். எதிர்த் திண்ணையில் விசில். "டேய், அஞ்சு எரியுதுடா! சிக்னல் குடுக்குறாய்ங்கடா!" அது பரசுராமன் சித்தப்பாவின் குரல். அந்தக் குரலை எனக்குத் தெரியாதா?

"மேசை!" என்று அப்பா கத்தினார். "மேசையக் காலி பண்ணு!"

மேசைமேல் பிரித்துப் போட்ட டைப்ரைட்டர் ஒன்று கிடந்தது. நான் அதைத் தள்ளினேன். எழுத்துக் கம்பிகள் சிதறின. அப்பா சன்னலில் மாட்டியிருந்த விளக்கைக் கழற்ற இரண்டு கையாலும் பிடித்தார். மூன்றாவது கல் அப்போதுதான் வந்தது. ஊதி அணைக்க மனம் வரவில்லை என்றாலும், அவர்கள் கேட்டபடி வெளிச்சத்தைத் தெருவிலிருந்து எடுத்துக்கொண்டுதான் இருந்தார்.

ஏழு மணிக்குப் போலீஸ் வந்தது. ஆஸ்பத்திரிக்கு முன்னால் காவல் நிலையம் என்றார்கள். அப்பா இடது கண்ணைத் துண்டால் பொத்திக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். துண்டு முழுக்க ரத்தம். விளக்கு மேசைமேல். பக்கத்தில், வலமிருந்து இடம் படிக்கிற ஹீப்ரு எழுத்தில் எங்கள் ஜெபப் புத்தகம். அதிகாரி அதைப் பின்னாலிருந்து புரட்டினார்.

"உருது. பாகிஸ்தான் எழுத்து."

ஓரமாக நின்ற முஸ்லிம் கான்ஸ்டபிள் ஒருவர் எட்டிப் பார்த்தார். "இது உருது இல்லீங்கய்யா. எனக்கு உருது வாசிக்கத் தெரியும்." எல்லோரும் திரும்பி அவரைப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் அவர் மறுபடி ஓரத்துக்கே போய்விட்டார். எங்களுக்காக அன்று பேசிய ஒரே ஆள்.

பிறகு ஒரு கோடு போட்ட நோட்டைக் காட்டினார்கள். சித்தப்பாவின் கையெழுத்து. ஞாயிறு, விளக்கு 2, அணைந்தது 6.33. திங்கள், 3, 6.34. செவ்வாய், 4, 6.31. புதன், 5, சங்கு ஊதியும் அணைக்கவில்லை. சேர்க்கக் கூடாத வேலைக்கார விளக்கையும் சேர்த்திருந்தார். எதையும் எண்ணக் கூடாத வெளிச்சம் அது. அவர் நான்கு நாள் உட்கார்ந்து எண்ணியிருக்கிறார். செவ்வாய்க்கிழமை கதை கேட்டாரே, அதில் ஒரு வரிகூட அந்த நோட்டில் இல்லை.

ஒன்பது மணிக்கு விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் கண் கெட்டுவிட்டது. எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் வியாழன். டிசம்பர் பதினாறு. போர்வை எடுக்க ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்தேன். தெருவில் ரேடியோ அலறியது. டாக்காவில் எதிரிப்படை சரணடைந்துவிட்டது. வெடி. ஆரவாரம். சன்னல் பேப்பரையெல்லாம் கிழிக்கிறார்கள். பல்புகள் எரிகின்றன. சித்தப்பா லட்டுத் தட்டோடு எதிரே வந்தார்.

"சண்டை முடிஞ்சிருச்சு பாப்பா. இனி நீங்க வெளக்கு வெச்சுக்கிடலாம்."

சத்தியமாக, இப்படியேதான் சொன்னார். அவர் கையில் இருந்தது எங்கள் தட்டு. அடியில் அம்மாவின் பெயர் வெட்டியிருக்கும். நான் உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன்.

அப்பாவிடம் உண்மையைச் சொல்ல ஆஸ்பத்திரியில் ஒருமுறை வாயெடுத்தேன். அவர் முந்திக்கொண்டார். கட்டுப்போட்ட முகத்தோடு மெல்லச் சொன்னார். "ஒரு ஸ்பூன் எண்ணெ எஸ்தரு. எம்புட்டு நேரம் நின்னுச்சு! கண்ணு போனாப் போகுது. அத நான் பாத்துட்டேன்ல?" நான் தலையாட்டினேன். அதற்குப் பிறகு ஐந்து வருடம் உயிரோடு இருந்தார். வருகிறவர்களிடமெல்லாம் அந்த அற்புதத்தைச் சொன்னார். ஒவ்வொரு தடவையும் நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

ஒற்றைக் கண்ணால் மிஷின் பார்க்க முடியவில்லை. அவர் கழற்றிப் பூட்டிய மிஷினில் எழுத்து ஒரு மயிரிழை இறங்கி நிற்கும். அவருக்குத் தெரியாது. மனு அடிக்கிறவர்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள். வேறு கடைக்குப் போனார்கள். 1973இல் கடையை மூடினோம். 1976இல் அப்பா போனார். அம்மா 1978இல் தன் தங்கையிடம் இஸ்ரேலுக்குப் போய்விட்டாள். நான் திருமங்கலத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டேன். இதை எழுதுவது 1984இல்.

தவறான தகவல் என்று ஒரே வரியில் விசாரணையை முடித்தார்கள். மூன்றாவது கல்லை எறிந்தது யார் என்று யாருக்கும் தெரியாதாம். விளக்கைக் கேட்டுக் காவல் நிலையத்துக்கு நான்கு தடவை நடந்தேன். கிடைக்கவில்லை. அப்பா மட்டும் தெருவில் பரசுராமனைப் பார்த்தால், "என்ன தம்பி, சாப்ட்டியா?" என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார். எனக்கு அந்தப் பெரிய மனசு இல்லை. நான் ஹனுக்கா விளக்கைச் சன்னலில் வைப்பதில்லை. கதவைச் சாத்தி, மேசைமேல் வைக்கிறேன்.

இழந்ததைச் சொல்லிவிடுகிறேன். விழுந்த குண்டு ஒன்றுமில்லை. கல் மூன்று. கண் ஒன்று. பித்தளை விளக்கு ஒன்று. எவர்சில்வர் தட்டு ஒன்று. ஒரு கடை. ஒரு அப்பா. கடல் தாண்டிப் போன ஒரு அம்மா. சித்தப்பா என்று கூப்பிட ஓர் ஆள். அந்த வருடம் எட்டு நாளுக்கும் சேர்த்து ஏற்ற வேண்டிய விளக்கு முப்பத்தாறு. ஏற்றியது பத்து. ஏற்றாதது இருபத்தாறு.

கூடுதலாக ஊற்றியது, விளக்குக்கு ஒரு ஸ்பூன். அது சித்தப்பாவின் நோட்டில் இல்லை. அப்பாவுக்கும் தெரியாது. இங்கேதான் முதல்முறையாக எழுதுகிறேன்.