பெட்ரோல் டேப்பின் மூன்று நிலைகள்

பழைய மோட்டார் சைக்கிள் என்றால் ஒழுகத்தான் செய்யும் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. ஒவ்வொரு ஒழுக்குக்கும் ஒரு காரணம் உண்டு. பெரும்பாலும் அந்தக் காரணத்துக்கு ஒரு பெயரும் உண்டு.

இன்ஸ்பெக்டர், உங்களுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்றீர்கள். அதனால் முதலில் பெட்ரோலைத் திறந்து மூடும் டேப்பைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். தொட்டிக்கு அடியில், இடது பக்கம், கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு பிடி இருக்கும். அது கீழ்நோக்கி இருந்தால் பெட்ரோல் வரும். படுக்கையாக இருந்தால் வராது. மேல்நோக்கித் திருப்பினால் ரிசர்வ். தொட்டியின் அடியில் மிஞ்சியிருப்பது வரும். கீழேயும் திறப்பு, மேலேயும் திறப்பு. நடுவில் மட்டும்தான் அடைப்பு.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் தனசேகரன். கெர்பாவ் ரோட்டில் ஒரே கடைவீட்டில் குடியிருந்தோம். மாடியில் அவரும் அவர் மனைவி ரத்தினம்மாவும். கீழே நானும் சௌந்தரமும். அவருக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் பிட்டர் வேலை. நான் உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் ஆசிரியர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன் வண்டியைக் கொடுத்து எனக்கு ஓட்டப் பழக்கினார்.

"வாத்தியாரே, தண்ணிப் பைப்ப முறுக்குற மாதிரி கடைசி வரைக்கும் முறுக்காதீங்க லா. நடுவுல நிறுத்தணும். டிகிரி வாங்குன கை, இன்னும் பைப்பையே தேடுது."

சௌந்தரம் வாசலில் நின்று சிரித்தாள். "வீட்டுப் பைப்பையே இவரு ஒழுங்கா மூடுறதில்ல அண்ணே. வாளி வழிஞ்சா நான்தான் ஓடணும்."

நானும் சிரித்தேன். எனக்கு எதையும் ஒருமுறை சொன்னால் போதும்.

டேப்புக்குக் கீழே இருந்த ரப்பர் டியூப் வெடித்திருந்தது. டேப் திறந்திருந்தால் சொட்டும்; மூடியிருந்தால் சொட்டாது. தனசேகரன் அதன் கீழே ஒரு பால் டின்னை வைத்திருந்தார். மாற்றிவிடுங்கள் என்று பலமுறை சொன்னேன்.

"கொஞ்சம் அழுவுது, வாத்தியாரே. வயசாச்சுல்ல? நிறுத்துறப்ப டேப்ப மூடிட்டா ஒன்னும் ஆவாது."

இவை அவருடைய வார்த்தைகள். நான் எதையும் கூட்டவில்லை.

அறுபத்திரண்டாம் ஆண்டு கார்த்திகைத் தீபத்தன்று மாலை வண்டி எங்கள் வாசலில், ஐந்தடி நடைபாதையில் நின்றது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. மேலே போகாது; தரையோடு ஊர்ந்து வரும். இதை நான் ஒவ்வோர் ஆண்டும் பாடம் நடத்துகிறேன். சௌந்தரம் நடைபாதையின் ஓரத்தில் அகல் விளக்குகளை வரிசையாக வைத்து ஏற்றிக்கொண்டு வந்தாள். புது நைலெக்ஸ் புடவை. நான் பின்கட்டில் குளித்துக்கொண்டிருந்தேன். ஈரப் போர்வையை உதறுவது போல ஒரு சத்தம் கேட்டது.

ஆஸ்பத்திரியில் அவளுக்கு நினைவு இருந்தது. "எல்லா விளக்கையும் ஏத்தி முடிக்கலையே" என்றாள். மறுநாள் போய்விட்டாள்.

மரண விசாரணையில் தனசேகரன் எழுந்து நின்று சொன்னார்: "நான்தான் ஐயா வண்டிய ஓட்டிட்டு வந்து விட்டேன். டேப்ப மூட மறந்துட்டேன்." சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார். நீண்ட நேரம் பார்த்தார். விபத்து என்று தீர்ப்பாயிற்று. வெளியே வந்ததும் அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். "யாரும் வேணும்னு செய்யல, வாத்தியாரே. நீங்க இத மனசுல வச்சுக்கக் கூடாது." தன்னைத் தானே மன்னித்துக்கொள்ள ஒரு மனிதருக்கு இவ்வளவு அவசரமா என்று நினைத்தேன்.

அதன் பிறகு ரத்தினம்மா தினமும் சாப்பாடு கொடுத்தனுப்பினார். சாப்பிட்டேன். பசித்தது.

தனசேகரன் வண்டியைத் தொடுவதை நிறுத்திவிட்டுப் பஸ்ஸில் வேலைக்குப் போக ஆரம்பித்தார். அது எனக்கு வசதியாக இல்லை. தைப்பூசம் முடியட்டும் என்று காத்திருந்து, வண்டி சும்மா கிடந்து வீணாகிறது, டேப்பையும் டியூப்பையும் நானே மாற்றித் தருகிறேன் என்றேன்.

"நீங்க அந்த வண்டியத் தொட வேணாம். உங்க மனசு தாங்காது."

என் மனசு தாங்கியது.

அவர் ஒத்துக்கொண்டதும் சுங்கை ரோட்டுப் பழைய சாமான் சந்தையில் ஒரு டேப் வாங்கினேன். டேப்பின் மேல் பக்கத்தில், தொட்டிக்குள் நிற்கும்படி, ஒரு சின்னப் பித்தளைக் குழல் இருக்கும். பெட்ரோல் அதன் உயரத்துக்குக் கீழே இறங்கியதும் எஞ்சின் இருமும். அப்போது பிடியை மேலே திருப்பினால் அடியில் இருக்கும் மிச்சம் வரும். அந்தக் குழலை அடியோடு அறுத்துவிட்டால் மிச்சம் என்று ஒன்று இருக்காது. அறுத்துவிட்டேன். டேப்பைக் கழற்றுவதற்குத் தொட்டியைக் காலி செய்தாக வேண்டும். திரும்ப ஊற்றும்போது, அவர் வேலைக்குப் போகும் வழியில் உள்ள அப்பர் தாம்சன் ரோட்டு வளைவு வரை மட்டும் போதுமான அளவு ஊற்றினேன். பாதித் தொட்டி இருக்கிறது என்று அவரிடம் சொன்னேன். நம்பினார்.

எஞ்சின் இருமினால் தனசேகரன் வண்டியை ஓரங்கட்ட மாட்டார். ஓடுகிற ஓட்டத்திலேயே இடது கையைக் கீழே விட்டு, பிடியைத் திருப்பிவிட்டுப் போவார். அதில் அவருக்குப் பெருமை. இந்த முறை திருப்புவார், ஒன்றும் வராது. மறுபடி திருப்புவார். பிறகு குனிந்து பார்ப்பார். காலையில் அந்த வளைவில் கருங்கல் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். குனிந்து பார்ப்பதே போதும்.

ஒரு காப்பிக் கடை வாசலில் வண்டி நின்றுபோயிருக்கலாம். தள்ளிக்கொண்டு வந்து என்னைத் திட்டியிருக்கலாம். அதற்கும் இடம் விட்டுத்தான் வைத்திருந்தேன். நியாயமாக நடந்துகொண்டதாகவே நினைக்கிறேன்.

அவர் நிமிரவே இல்லை என்று லாரி டிரைவர் உங்களிடம் சொன்னார். நான் மாட்டிக் கொடுத்த டியூப் ஒரு சொட்டுக்கூட ஒழுகவில்லை. அதை நீங்களே பார்த்தீர்கள். குறித்துக்கொண்டால் நல்லது.

ஆகவே தனசேகரனைக் கொன்றது நான்தான். மறுக்கவில்லை. சௌந்தரத்துக்குச் செய்ய வேண்டியதைச் செய்தேன். ரத்தினம்மா இப்போது ஊருக்குக் கப்பலேறப் போவதாகக் கேள்விப்பட்டேன். போன வாரம் வரை எனக்குச் சாப்பாடு வந்தது.

கடைசியாக எண்ணெய்க் கடை நெய்னா முகம்மதுவைப் பற்றிக் கேட்டீர்கள். கார்த்திகை அன்று விளக்கேற்றும் நேரத்துக்குச் சற்று முன்னால், நான் அந்த வண்டியில் வந்து நல்லெண்ணெய் வாங்கிப் போனதாக அவர் சொல்லியிருக்கிறார். உண்மைதான். அன்று வண்டியைக் கடைசியாக ஓட்டி வந்து வாசலில் விட்டவன் நான். விசாரணையில் தனசேகரன் ஏன் அப்படி மாற்றிச் சொன்னார் என்று தெரியவில்லை. குற்றமுள்ள நெஞ்சு எதையாவது சொல்லும். ஆனால் டேப்பைப் பற்றி எனக்குச் சந்தேகமே இல்லை. மூடிவிட்டுத்தான் குளிக்கப் போனேன். கைக்கு நன்றாக நினைவிருக்கிறது. இனித் திரும்பாது என்னும் வரை, மேலே, இறுக்கி மூடினேன்.